மான்யமும் மருத்துவ வண்டியும்

செகந்திராபாத் நகருக்கு வடக்கே உள்ளது அல்வால். தனி ஊராக வளர்ந்த இது, 2007-ஆம் ஆண்டில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. இதன் வழியே செல்லும் நெடுஞ்சாலை சித்திப்பேட்டைக்கும் கரீம்நகருக்கும் போகிறது. அப்பகுதிகளில் பல குடும்பங்களுக்கு மானாவாரி நிலத்தோடு ஆட்டு மந்தையும் எருமையுமே ஜீவனாதாரம். மனிதருக்கு நோய் கண்டால் எப்படியாவது நகரத்திற்குக் கொண்டு வந்து சேர்க்கலாம். கன்று ஈன முடியாமல் துடிக்கும் எருமையை அவ்வாறு தூக்கி வர இயலாது. மருத்துவர்தான் அதனிடம் செல்ல வேண்டும். அதுவும் சில மணி நேரத்திற்குள் செல்ல வேண்டும். கிராமக் கால்நடை மருத்துவத்தின் முதற் பிரச்னை இதுவே. அரசாங்க மான்யங்கள் இப்பிரச்னையை எவ்வளவு தூரம் தீர்க்கின்றன என்பதைத் தெலுங்கானாவின் அனுபவம் விளக்குகிறது.

ஆடுகள் பெருகின

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெலுங்கானா அரசாங்கம் ஆடு வளர்ப்போருக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு குடும்பத்திற்கு 20 பெட்டையாடுகளும் ஒரு கிடாவும் வழங்கப்பட்டன. விலையில் 75 சதவீதத்தை அரசாங்கம் மான்யமாக ஏற்றது. மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1.28 கோடியாக இருந்த செம்மறியாடுகள், 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1.91 கோடியாக உயர்ந்தன. செம்மறியாடுகளின் எண்ணிக்கையில் தெலுங்கானா இந்தியாவிலேயே முதலிடம் பெற்றது.

எண்ணிக்கை பெருகும்போது பொறுப்பும் பெருகுகிறது. வெளி மாநிலங்களிலிருந்து நெடுந்தூரம் ஏற்றி வரப்படும் ஆடுகள் பயணத்தால் களைப்படைகின்றன. நோயை எதிர்க்கும் சக்தி குறைகிறது. ஆட்டுக்கொல்லி நோய் ஒரு மந்தையில் புகுந்தால் வேகமாகப் பரவும். துள்ளுமாரி நோயோ, மாலையில் நன்றாக மேய்ந்து வந்த ஆட்டை மறுநாட் காலைக்குள் மாய்த்துவிடக் கூடியது. மான்யத்தில் பெற்ற ஆடு மடிந்தால் மான்யத்துடன் அக்குடும்பம் போட்ட சொந்தப் பணமும் அழிகிறது.

வண்டி வந்தது

அதே 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் 100 நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிகள் தெலுங்கானாவில் விடப்பட்டன. 1962 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் அழைத்தால் வண்டி கிராமத்திற்கு வரும் என்பது ஏற்பாடு. இதை நடத்தும் பொறுப்பு, மனிதர்களுக்கான 108 அவசர ஊர்திச் சேவையை 2005-இல் தொடங்கிய நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் தலைமை வளாகம் அல்வாலுக்கு வடக்கே மேட்சல் சாலையில், தேவர் யாம்ஜால் என்னும் ஊரில் அமைந்தது.

பின்னர் மத்திய அரசாங்கம் இம்முறையை நாடு முழுவதற்குமான திட்டமாக வகுத்தது. சுமார் ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒரு வண்டி என்பது கணக்கு. வண்டியில் ஒரு கால்நடை மருத்துவர், ஓர் உதவியாளர், ஓர் ஓட்டுநர் ஆகிய மூவர் இருப்பர். வண்டியை வாங்கி மருத்துவ வசதிகளைப் பொருத்தும் செலவு முழுவதையும் மத்திய அரசாங்கமே ஏற்கிறது. நடைமுறைச் செலவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 சதவீதத்தை மத்திய அரசாங்கமும் 40 சதவீதத்தை மாநில அரசாங்கமும் ஏற்கின்றன. வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு இது 90-க்கு 10 என்ற விகிதத்தில் அமைகிறது.

இவ்விகிதத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். வண்டியின் விலை ஒரு முறை கொடுத்தால் தீர்ந்துவிடுவது. எரிபொருள், மருந்து, சம்பளம் ஆகியவை மாதந்தோறும் வருபவை. இரு அரசாங்கங்களின் பங்குகளும் தவறாமல் வந்து சேர்ந்தால்தான் வண்டி ஓடும். ஒன்று தாமதமானாலும் மருத்துவம் நிற்கும், நோய் நிற்காது.

பயிற்சி பெற்ற கை

ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒரு வண்டி என்றால், அது எல்லா இடங்களுக்கும் ஒரே சமயத்தில் செல்ல முடியாது என்பது வெளிப்படை. அந்த இடைவெளியை நிரப்புவோர் கிராமத்திலேயே வசிக்கும் பயிற்சி பெற்றவர்கள். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் ‘கோபாலமித்திரர்’ என்ற பெயரில் கிராம இளைஞர்கள் செயற்கைக் கருவூட்டலில் பயிற்றப்பட்டனர். மத்திய அரசாங்கத்தின் ராஷ்ட்ரீய கோகுல் திட்டத்திலும் ‘மைத்ரி’ என்னும் பணியாளர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பயிற்சிக்கும் கருவிகளுக்கும் மான்யம் உண்டு. இவர்கள் மருத்துவருக்கு மாற்று அல்லர். நோய்க் குறியை முதலில் கண்டு மருத்துவருக்குச் செய்தி அனுப்பும் கண்களாகவும் இவர்கள் விளங்க முடியும்.

மருத்துவரையே கிராமத்தில் தங்க வைக்கும் பிரச்னை செல்வம் மிக்க நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் இல்லாத பகுதிகளில் மூன்றாண்டு பணிபுரிய ஒப்புக்கொள்வோரின் கல்விக் கடனை அரசாங்கம் அடைத்து வருகிறது. 2010-இல் இம்முறை செயற்படத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25,000 டாலர் வரை இவ்வாறு கொடுக்கப்பட்டது. அங்கும் பணம் கட்டடத்துக்கோ வண்டிக்கோ மட்டும் போதவில்லை, ஆளுக்கும் தேவைப்பட்டது.

வெக்கை நோய் கற்பித்தது

மான்யம் முழுப் பயன் தந்ததற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 1954-இல் தொடங்கிற்று. தடுப்பூசியால் நோய் மிகவும் குறைந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. 1990-களில் ஐரோப்பிய சமுதாயத்தின் உதவியும் சேர்ந்தது. அப்போது தடுப்பூசியுடன் கிராமம் கிராமமாகத் தேடி விசாரித்தல், ஆய்வுக்கூடப் பரிசோதனை, ஊழியர் பயிற்சி ஆகியவையும் வலுப்படுத்தப்பட்டன. இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில். அதற்குப் பின்னரும் கண்காணிப்பு விடப்படவில்லை. 2006-இல் இந்தியா இந்நோய்த் தொற்று அற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011-இல் உலகிலிருந்தே நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மருந்து வாங்கியதோடு செலவு நின்றிருந்தால் இவ்வெற்றி கிட்டியிராது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கோமாரி நோய்க்கும் கருச்சிதைவு நோய்க்கும் எதிரான தேசியத் திட்டம் 2019-இல் 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கப்பட்டது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒரு முறை போடப்பட வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்ஸியஸ் குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியை வெயிலில் திறந்து வைக்கும் கவனக்குறைவு ஒன்றே கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவின் பயனைக் கெடுக்கப் போதுமானது. மாட்டின் காதில் இடப்படும் 12 இலக்க அடையாள வில்லையின் எண்ணைப் பிழையின்றிக் குறிப்பதும் இத்தகைய கடமையே. எந்த மாட்டிற்கு எப்போது ஊசி போட்டோம் என்பது அதனால்தான் தெரியும்.

பள்ளி ஆசிரியர்கள் 1962 என்ற எண்ணை மாணவர் மனத்தில் பதியச் செய்யலாம். மந்தையில் ஓர் ஆடு தீனி தின்னாமல் ஒதுங்கி நின்றால், அதை முதலில் காண்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையே. அச்செய்தி அன்றைக்கே உரியவரிடம் சேருமானால் மந்தையின் மற்ற ஆடுகள் பிழைக்கும். மான்யம் டெல்லியிலிருந்து வரலாம். அதன் பலன் தொழுவத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது.