மாப்பிள்ளைப் பை கட்டியாச்சா?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் போடி மளிகைக் கடைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. மெட்டிலிருந்தும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தும் கல்யாணச் சீட்டோடு வருகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாம் அளவோடு எழுதியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் மணவறைக்குக் கொண்டுபோக வேண்டிய சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் பெரும்பாலும் சீட்டு இருப்பதில்லை. அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

நம் வணிக நண்பர் ஒருவரின் மகன் திருமணத்தில் நாம் கண்ணால் கண்டது இது. மணமகன் கடைக்காரப் பிள்ளை. முதல் நாள் மாலை வரை தராசை விட்டு நகரவில்லை. தாலியும் மெட்டியும் இருந்த சுருக்குப் பையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். விடிந்து மணவறையில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. கடைச் சாவி அண்ணனிடம். அண்ணனோ விருந்தினரை அழைத்துவரப் பேருந்து நிலையம் போயிருந்தார். பை வந்து சேர்ந்தபோது நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே மிச்சம். அதற்குள் பெண்ணின் தாயார் கண்கலங்கிவிட்டார். "பொறுப்பு யாருக்கு என்று சொல்லி வைக்காதது என் தவறு" என்று நண்பரே பிறகு சொன்னார்.

சரக்கு வரும்போது ஒருவர் எண்ணுவார், ஒருவர் கணக்கில் ஏற்றுவார். கல்யாணத்துக்கும் அதே முறைதான் வேண்டும்.

பை கட்டும் முறை

சமையல் மளிகையோடு இதைக் கலக்கக் கூடாது. தனியாக ஒரு துணிப்பை, அதற்குத் தனிச் சீட்டு. தாலி, மெட்டி, கூறைப்புடவை, மணமகனின் வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம் ஆகியவற்றை வீட்டார் வைப்பார்கள். மஞ்சள், குங்குமம், சந்தனம், கற்பூரம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, பன்னீர், மஞ்சள் கயிறு, தீப்பெட்டி, ஊக்கு, ஊசி நூல் முதலியவற்றை நாம் கட்டிக் கொடுக்கலாம். வீட்டு வழக்கம் ஒவ்வொரு சமூகத்துக்கும் மாறும். ஆகவே பெரியவர் ஒருவரிடம் கேட்டே சீட்டு எழுத வேண்டும்.

புதுப் பட்டு வேட்டி இடுப்பில் வழுக்கும். முதல் நாளே ஒருமுறை கட்டி, உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பெல்ட் இருந்தால் கவலை இல்லை. சவரத்தை முதல் நாள் மாலையே முடித்துவிடுவது நல்லது. அவசரத்தில் கன்னத்தில் பட்ட கீறல் புகைப்படத்தில் ஆயுளுக்கும் நிற்கும்.

தோழர்கள் மூவர்

மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவர் ஒருவர். அவர் மைத்துனரா, பங்காளியா என்பது வீட்டு வழக்கம். அவரோடு பொறுப்பான நண்பர்கள் இருவர் போதும். ஒருவர் கையில் மாப்பிள்ளைப் பை. கழிப்பறைக்குப் போனாலும் இன்னொருவரிடம் சொல்லி ஒப்படைத்த பிறகே போக வேண்டும். இரண்டாமவருக்கு வண்டிப் பொறுப்பு. மூன்றாமவரிடம் மணமகனின் கைப்பேசி, பணம், கடைச் சாவி. முதல் நாள் மதியத்தோடு மாப்பிள்ளை கடை வேலையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.

வண்டிப் பொறுப்பு நம் ஊரில் சிறிதல்ல. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். மண் சரிந்தால் பாதை அடைபடும். மலையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் வெளிச்சத்திலேயே இறங்கிவிட வேண்டும். ஜீப் ஓட்டுபவருக்குக் கொண்டாட்டம் மறுநாள்தான். மது அறவே கூடாது. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த ரயில் 2023 ஜூன் 15 முதல் மறுபடியும் போடிக்கு வருகிறது. சென்னை ரயில் தொடங்கியபோது வாரம் 3 நாள்தான். நண்பர்கள் நாள் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

தோழர்களுக்கு இன்னொரு சொல். ஒரே நிறச் சட்டை போட்டு நில்லுங்கள், அழகுதான். சாலை ஓரத்தில் பிளெக்ஸ் பேனர் மட்டும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக வைத்த பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். ஒரு வீட்டு மகிழ்ச்சி இன்னொரு வீட்டுக்கு இழவாகிவிட்டது.

ஏலக்காய் விஷயம்

ஏலக்காய் ஊரில் கல்யாணம். தாம்பூலப் பையில் காய் இல்லாமல் இருக்குமா? தாம்பூலத்துக்கு 8 மில்லிமீட்டர் பருவெட்டு பார்வையாக இருக்கும். பாயசத்துக்குப் பொடிக்க அது தேவையில்லை. வாசம் குறையாத சிறு காய் போதும். இதைச் சொல்லி விற்றால் வாடிக்கையாளருக்குப் பணம் மிச்சம், நமக்குப் பெயர் மிச்சம். மாப்பிள்ளைக்கு ஏலக்காய் மாலை கேட்பவர்களும் உண்டு. கர்நாடகத்தின் ஹாவேரி இதற்குப் பெயர் பெற்ற ஊர். மாலையில் கோத்த காயைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு மாப்பிள்ளைப் பையிலேயே வைத்துவிட்டால் பிறகு தேடி அலைய வேண்டாம். கடன் கேட்டும் பாஸ்போர்ட் கேட்டும் போகும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

கல்யாணச் சீட்டு எழுதி முடித்ததும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மாப்பிள்ளைப் பை கட்டியாச்சா?" இல்லை என்றால் நாமே கட்டிக் கொடுப்போம். அந்தப் பையில் வரும் லாபம் சொற்பம்தான். ஆனால் அந்த வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது சீட்டு நம் கடைக்குத்தான் வரும்.