கணினித் திரையில் நுண்மையும் ஒளியும்

புள்ளிக்கோலம் இடுவோர் முதலில் முற்றத்திலே புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, பின்னரே இழையை வளைப்பர். கணினித் திரையும் அத்தகையதொரு முற்றமே. பல்லாண்டு வழக்கிலிருந்த திரையொன்றில் அகலத்துக்கு 1,920 புள்ளிகளும் உயரத்துக்கு 1,080 புள்ளிகளுமாக மொத்தம் 2,073,600 புள்ளிகள் அமைந்திருந்தன. நுண்திரையிலோ 3,840க்கு 2,160 என்ற கணக்கில் 8,294,400 புள்ளிகள் உள்ளன. முற்றம் பெருகவில்லை; புள்ளிகள் மட்டும் நான்கு மடங்காயின. ஆகவே, பதினாறு புள்ளி உயரத்தில் எழுதிய எழுத்து அதே திரைப்பரப்பிற் பாதி உயரமாகக் குறுகிவிடும்.

இது சிறு குறையன்று. மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளி கண்ணுக்குத் தப்பினால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். 'ண'வும் 'ன'வும் சுழி தெரியாது மயங்கும். பார்வை தளர்ந்த முதியவர் ஒருவருக்கு, விலையுயர்ந்த அத்திரை பழைய திரையிலும் பயனற்றதாகத் தோன்றினால் வியப்பில்லை.

எழுத்தைப் பெரிதாக்கினாற் போதாதோ எனலாம். லினக்ஸ் இயக்க முறைமையில் அது நெடுங்காலம் எளிதாயிருக்கவில்லை. அதன் மேசைக் கணினிகளிற் சாளரங்களை வரைந்துவந்த 'எக்ஸ்' என்னும் முறை, 1984இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே தொடங்கியது. பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அம்முறை, இணைத்த திரைகள் யாவற்றையும் ஒரே பெருந்துணியாகக் கொண்டது. எழுத்தளவும் பெரும்பாலும் யாவற்றுக்கும் பொதுவான ஓர் எண்ணாலேயே நிருணயிக்கப்பட்டது. நுண்திரையுடைய மடிக்கணினியோடு சாதாரணத் திரையொன்றைச் சேர்த்தவர், ஒன்றில் எறும்பெழுத்தையோ மற்றதிற் பூதவெழுத்தையோ பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

2008இல் கிறிஸ்ற்றியன் ஹொக்ஸ்பெர்க் தொடங்கிய 'வேலண்ட்' என்னும் புதிய முறை, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி உருப்பெருக்கம் அளித்தது. ஆயின், அவ்வெண் ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணாகவே இருத்தல் வேண்டும். இரு மடங்கு பெரிதெனவும் ஒரு மடங்கு சிறிதெனவும் தோன்றும் திரைக்கு ஒன்றரை மடங்குதானே பொருந்தும்? அதற்கு ஒரு குறுக்குவழி கண்டனர். செயலி தன் சாளரத்தை இரு மடங்காக வரையும். திரையைத் தொகுக்கும் நிரல் அதனைச் சுருக்கி ஒன்றரையாக்கும். மேற்கூறிய நுண்திரையை நிரப்ப 5,120க்கு 2,880, அதாவது 14,745,600 புள்ளிகளை வரைந்து, பின் 8,294,400 ஆகச் சுருக்குதல் வேண்டும். வேலையோ ஏறக்குறைய முக்கால் மடங்கு அதிகம். கிடைப்பதோ ஓரம் மங்கிய எழுத்து. தைத்த சட்டையைச் சலவையிற் சுருங்கவிட்டு அளவு சரிசெய்வது போன்ற வேலை அது.

2022இல் இதற்கு முறையான தீர்வு வந்தது. திரைத்தொகுப்பு நிரல் இப்பொழுது வேண்டிய அளவை 120இன் பின்னமாகச் செயலிக்கு அறிவிக்கும். ஒன்றரை என்பது 180. செயலி அவ்வளவிலேயே நேராக வரைந்துவிடும். சுருக்கமும் இல்லை, மங்கலும் இல்லை. இதனை அறியாத பழைய செயலிகளுக்கு மட்டும் மங்கல் எஞ்சுகின்றது.

ஒளியின் கதை இதனினும் சிக்கலானது. வழமையான நிறமுறை 1996இல் வகுக்கப்பட்டது. அதில் 0 கருமை, 255 வெண்மை. அவ்வெண்மை எத்துணைப் பிரகாசம் என்பதைத் திரையின் பொத்தானே முடிவுசெய்யும். உயர் ஒளிவீச்சுப் படத்துக்கு 2014இல் தரப்படுத்தப்பட்ட முறையிலோ, ஒவ்வோர் எண்ணும் ஒரு திட்டமான பிரகாசத்தைக் குறிக்கும். அதன் உச்சம் சதுர மீற்றருக்கு 10,000 கண்டெலா. அத்தகைய எண்களைப் பழைய கணக்கில் வாசித்தாற் படம் சாம்பல் பூத்து வெளிறிவிடும். அன்றியும், பிரகாசமான திரைப்படத்துக்கு அருகே கடிதமொன்று திறந்திருக்குமாயின், கடிதத்தின் வெள்ளைத் தாளும் சூரியனைப்போற் கண்ணைக் கூசவைத்தல் ஆகாது. எனவே, ஒவ்வொரு சாளரமும் தன் எண்கள் எம்மொழியின என்பதை அறிவிக்க வழி வேண்டியிருந்தது.

அவ்வழியை வகுக்கும் கலந்தாய்வு 2020இல் தொடங்கி, 2025 பெப்ரவரியிலேயே வேலண்ட் நெறிமுறையாக ஏற்கப்பட்டது. ஐந்தாண்டு மிகையெனச் சிலர் குறைகூறினர். அது நேர்மையான குறையன்று. இத்தகைய நெறியைப் பிழையாக வகுத்துவிட்டால், அதனை நம்பி எழுதப்படும் செயலிகள் யாவும் அப்பிழையைச் சுமக்க நேரும். இதற்கிடையே 2024 பெப்ரவரியில் வெளிவந்த கே.டி.ஈ. பிளாஸ்மா 6 பகுதியளவில் இவ்வசதியை அளித்தது. க்னோம் 48, 2025 மார்ச்சில் அதனைப் பின்பற்றியது.

இனி, கம்பியிலும் ஓர் இடர் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் எச்.டி.எம்.ஐ. 2.1 இணைப்புக்கான தன் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட விரும்பியபோது, அத்தரத்தை ஆளும் மன்றம் 2024இல் அதற்கு இசையவில்லை. அதனாலேயே, லினக்ஸ் கணினிக்கு நுண்திரை வாங்குவோரில் விவரமறிந்தவர், டிஸ்பிளேபோர்ட் துளை அதிலுண்டா என்பதை முதலிற் பார்த்துக்கொள்கின்றனர்.