சாம்பா தாள ஒலிகளை வீட்டு இசைப்பதிவில் உருவாக்குதல்

சாம்பா என்பது பிரேசில் நாட்டில் ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே தோன்றி வளர்ந்த இசை, நடன வடிவம் ஆகும். இதன் தாள ஒலிகளை ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, இசைப்பதிவு மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே உருவாக்கலாம். எனினும் தரமான மாதிரி ஒலிகளைச் சேர்ப்பதால் மட்டும் அது சாம்பா ஆகிவிடாது. எந்தக் கருவி எந்த இடத்தில் ஒலிக்கிறது, தட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது, எத்தனை பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் ஆகிய மூன்றுமே சாம்பாவின் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

பின்னணி

பாகியா மாநிலத்தில் வட்டமாக நின்று பாடி ஆடும் சாம்பா தி ரோடா என்னும் பழைய வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது. இது 2008ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகர்ப்புறச் சாம்பா இரியோ டி செனீரோவில் உருப்பெற்றது. தொங்கா என்பவர் 1916இல் பதிவு செய்த 'பெலோ டெலிஃபோனி' என்ற பாடல் சாம்பா வரலாற்றின் தொடக்க மைல்கல்லாகக் கருதப்படுகிறது. 1928இல் எஸ்தாசியோ பகுதியில் தொடங்கப்பட்ட 'தெய்ஷா ஃபலார்' முதல் சாம்பா பள்ளி எனப்படுகிறது. சாம்பா பள்ளி என்பது பாடசாலை அன்று. கார்னிவல் ஊர்வலத்துக்காக ஒரு பகுதி மக்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஆகும். அதன் தாளக்குழு பதேரியா எனப்படும். பெரிய பள்ளிகளின் பதேரியாவில் 200க்கும் மேற்பட்டோர் வாசிப்பர்.

கருவிகளும் அவற்றின் பணியும்

சாம்பா பொதுவாக 2/4 தாளத்தில் அமைகிறது. அதாவது ஒரு சுற்றில் இரண்டு துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு சிறு தட்டுகள்.

சுர்டோ: பெரிய உருளை வடிவ முரசு. எஸ்தாசியோவைச் சேர்ந்த பீடே என்பவர் பெரிய வெண்ணெய்த் தகரத்தைக் கொண்டு இதை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. இது மூன்று வகைப்படும். மிகத் தாழ்ந்த ஒலியுடைய முதல் சுர்டோ இரண்டாம் துடிப்பில் ஒலிக்கும். சற்று உயர்ந்த ஒலியுடைய இரண்டாம் சுர்டோ முதல் துடிப்பில் விடை கூறும். மூன்றாவது, இவற்றின் இடைவெளிகளை நிரப்பும்.

கைஷா: நரம்புக் கம்பிகள் பூட்டிய பக்க முரசு. இடைவிடாத சலசலப்பைத் தரும்.

ரெபினிக்கி: ஒரு கையில் குச்சியும் மறு கையில் வெறுங்கையுமாக வாசிக்கப்படுவது. குழுவுக்கு அழைப்பு விடுப்பது பெரும்பாலும் இதுவே.

தம்போரிம்: ஏறத்தாழ 6 அங்குல விட்டமுள்ள சிறு முரசு. இதில் சலங்கைகள் இல்லை. பெயர் ஒற்றுமையால் டாம்பரின் என்று இதனைத் தவறாகக் கருதுவோர் உண்டு. சலங்கையுடன் கஞ்சிராவைப் போலத் தோன்றும் கருவி பாண்டேய்ரோ ஆகும்.

குயிக்கா: தோலின் உட்புறம் பொருத்திய மெல்லிய குச்சியை ஈரத்துணியால் தேய்த்து ஒலி எழுப்பும் கருவி. வெளிப்புறம் விரலால் அழுத்தும்போது சுருதி ஏறி இறங்கும்.

இவற்றுடன் அகோகோ என்னும் மணிகளும் ஷொகால்யோ என்னும் சலங்கைச் சட்டமும் சேரும். மென்பொருள்களில் 'லத்தீன்' என்ற பொதுப்பெயரில் கிடைக்கும் தொகுப்புகளில் கொங்கா, போங்கோ, திம்பாலே போன்ற கியூபக் கருவிகளே பெரும்பாலும் இருக்கும். இவை சாம்பா பள்ளியின் கருவிகள் அல்ல.

முதல் துடிப்பில் பலத்த முரசொலியை வைப்பதே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. சாம்பாவின் எடை இரண்டாம் துடிப்பில் உள்ளது. மேலும் சுர்டோ வாசிப்பவர் மறு கையால் தோலை அழுத்தி அதிர்வை அடக்குவார். எனவே மாதிரி ஒலியின் நீண்ட அதிர்வையும் அடுத்த சுர்டோ தொடங்கும் முன் வெட்டிவிட வேண்டும். இல்லையெனில் தாழ்ந்த ஒலிகள் கலந்து குழம்பும்.

தட்டுகளின் இடைவெளி

'தகதிமி' என்ற சொற்கட்டைச் சமமாகச் சொன்னால் நான்கு எழுத்துகளும் ஒரே இடைவெளியில் வரும். நிமிடத்துக்கு 100 துடிப்பு வேகத்தில் ஒவ்வொன்றும் 150 மில்லி நொடி. மென்பொருளின் கட்டங்களும் இப்படியே சமமாக உள்ளன. ஆனால் சாம்பா வாசிப்பை அளந்து பார்த்த ஆய்வுகளில், மூன்றாவதும் நான்காவதும் ஆகிய தட்டுகள் ('தி', 'மி') சம இடத்தைவிடச் சற்று முன்னதாகவே விழுவது தெரியவந்துள்ளது.

இதற்குக் கையசைவும் ஒரு காரணம். பாண்டேய்ரோவில் கட்டைவிரல், விரல்நுனி, உள்ளங்கையின் அடிப்பகுதி, மீண்டும் விரல்நுனி என நான்கு தட்டுகளும் வெவ்வேறு அசைவால் பிறக்கின்றன. தம்போரிமில் நான்கில் ஒரு தட்டுக்குக் கருவியையே திருப்பிப் பிடித்து, குச்சியை மேல்நோக்கி வீசுவர்.

எல்லாத் தட்டுகளையும் கட்டத்துக்குள் நிறுத்தும் குவான்டைஸ் வசதியை முழுமையாகப் பயன்படுத்தினால் இந்த நடை அழிந்துவிடும். ஸ்விங் வசதியும் இங்கு உதவாது. அது இரண்டாம், நான்காம் தட்டுகளைத் தாமதப்படுத்துகிறது. சாம்பாவுக்குத் தேவையானதோ முன்தள்ளல். தொடக்கமாக, மேற்கண்ட வேகத்தில் மூன்றாம், நான்காம் தட்டுகளை 15 முதல் 20 மில்லி நொடி வரை முன்னே நகர்த்திக் கேட்கலாம். வேகம் கூடினால் இந்த அளவைக் குறைக்க வேண்டும். சுர்டோவை நகர்த்தாமல் நிலையாக வைப்பது நல்லது.

தட்டுகளின் பலமும் வேறுபட வேண்டும். மிடி முறையில் பலம் 1 முதல் 127 வரை குறிக்கப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் தந்தால் தையல் இயந்திரத்தின் ஓசையே மிஞ்சும்.

மிடி ஒலித்தொகுப்பின் வரம்பு

1991இல் வெளியான ஜெனரல் மிடி தரத்தில் அகோகோவுக்கு 67, 68 ஆகிய எண்களும் குயிக்காவுக்கு 78, 79 ஆகிய எண்களும் ஒதுக்கப்பட்டன. சாம்பாவின் அடித்தளமான சுர்டோவுக்கு அதில் இடமில்லை. 1999இல் வந்த இரண்டாம் தரத்தில்தான் 86, 87 ஆகிய எண்களில் அது சேர்ந்தது. குயிக்காவின் வழுக்கிச் செல்லும் சுருதியை இரண்டு தனி ஒலிகளால் காட்ட முடியாது. அதற்குச் சுருதி வளைவு வசதியையோ நேரடிப் பதிவையோ பயன்படுத்த வேண்டும்.

பலர் வாசிக்கும் உணர்வு

ஒரு தடத்தை அப்படியே நகலெடுத்து அடுக்கினால் ஒலியளவு கூடுமே தவிர, ஆட்கள் கூடமாட்டார்கள். ஒரே பகுதியை நான்கைந்து முறை புதிதாக வாசித்துப் பதிவு செய்து, இடமும் வலமுமாகப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கை இயல்பாகச் சிறிது மாறுவதே கூட்டத்தின் ஒலியைத் தருகிறது. சுர்டோவை மட்டும் நடுவில் வைக்கலாம்.

எந்தப் பள்ளியின் ஒலி வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, மங்கேய்ரா பள்ளியில் விடை கூறும் இரண்டாம் சுர்டோ கிடையாது. இரண்டாம் துடிப்பு மட்டும் ஒலிக்கக் கேட்டே அப்பள்ளியை இரசிகர்கள் அடையாளம் காண்பர்.

வீட்டுப் பொருள்கள்

கருவிகள் இல்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. சாம்பா தி ரோடாவில் பீங்கான் தட்டைக் கத்தியால் சுரண்டி வாசிப்பது மரபு. தீப்பெட்டியும் வாணலியும்கூடச் சாம்பாவில் தாளக்கருவிகளாக இடம்பெற்றுள்ளன. தகர டப்பாவில் சிறிது அரிசியிட்டுக் குலுக்கினால் கன்சா என்னும் கிலுகிலுப்பைக்கு நெருங்கிய ஒலி கிடைக்கும். இவற்றைக் கையால் வாசித்துப் பதிவு செய்த ஒரு தடம், விலை உயர்ந்த மாதிரி ஒலிகளால் ஆன தடத்துக்கும் உயிரூட்டும்.

சரிபார்க்கும் முறை

சுர்டோவையும் கிலுகிலுப்பையையும் மட்டும் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப அறைக்குள் நடந்து பார்க்க வேண்டும். கால் இரண்டாம் துடிப்பில் தானாக அழுந்தினால் அடித்தளம் சரியாக உள்ளது எனலாம். அதன் பின்னரே மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.