ஓர் எழுத்து கூடியதால் வந்த பயம்

இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்தேன். கைப்பேசியில் அம்மாவின் அழைப்பு ஏழு முறை. டுரியான் துங்காலில் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவர் அவர்.

"ஐயா, தம்பிக்குக் கிட்னி போச்சாம்!"

நீரிழிவு முற்றி, வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்த அப்பாவைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது. பதறாமல் எப்படி இருப்பது?

வேலைக்குச் சேருவதற்கான ரத்தப் பரிசோதனையில் தம்பிக்குக் 'கிரியேட்டினின்' அளவு கூடுதலாக இருந்திருக்கிறது. ஜிம் நண்பர்கள் சொல்லி இரண்டு மாதமாகக் 'கிரியேட்டின்' மாவு குடிப்பதை அவன் மருத்துவரிடம் வாயே திறக்கவில்லை.

இரண்டு பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கிரியேட்டின், தசைக்குச் சட்டென்று சக்தி தருவது. உடலே நாளுக்குச் சுமார் ஒரு கிராம் தயாரித்துக்கொள்கிறது. மீனிலும் இறைச்சியிலும் உண்டு. 1832இல் பிரெஞ்சு விஞ்ஞானி செவ்ரல் அதை இறைச்சியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். அது உடலில் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். மாவு குடிப்பவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் சற்று ஏறலாம்.

மறுநாள் அவனை மருத்துவரிடம் இழுத்துப் போனேன். மாவை நிறுத்தச் சொன்னார். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், தசையை அவ்வளவாகச் சாராத 'சிஸ்டாட்டின் சி' அளவையும் பார்த்தார். இரண்டிலும் கோளாறு இல்லை.

ஆனால் திட்டு கிடைத்தது. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். 20 கிராம் என்பது, வேண்டுமானால், தொடக்கத்தில் ஐந்தாறு நாளுக்கு மட்டும், அதுவும் பிரித்துப் பிரித்து. இவனோ இரண்டு மாதமும் அதே அளவு! வயிற்றுப்போக்கு வந்தும் நிறுத்தவில்லை. 'எடை ஏறிவிட்டது' என்று பெருமைப்பட்டானே, முதல் ஓரிரு கிலோ பெரும்பாலும் தசையில் சேர்ந்த தண்ணீர்தான்.

கிரியேட்டின் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து அல்ல. பலன் உண்டு, சைவம் சாப்பிடுபவர்களின் தசையில் அது குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் இன்னும் தெரியலாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நம் வீடுகளில் இவை இல்லாத வீடு எது? அதைவிட, தம்பி வாங்கியது யாரோ பிரித்துக் கட்டிய, பெயரே ஒட்டாத பிளாஸ்டிக் பை. உள்ளே வேறென்ன கலந்திருந்ததோ!

அந்தப் பையை அம்மா குப்பையில் போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.