பொறியியல் இயற்பியல் கல்வியில் இணைய வளங்கள்: நியூட்டன் வளையச் சோதனையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பொறியியல் இயற்பியல், மெய்நிகர் ஆய்வகம், நியூட்டன் வளையங்கள், செய்முறைக் கல்வி

முன்னுரை

பொறியியல் முதலாண்டு மாணவர்க்குரிய இயற்பியல் வளங்களுக்கு இணையத்தில் இன்று குறைவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், முழுநீள விரிவுரைகளை வழங்குகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வழங்கும் ஹைப்பர்ஃபிசிக்ஸ், கருத்துகளைத் தம்முள் இணைந்த சிறு பக்கங்களாக விளக்குகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட், மாணவரே அளவுகளை மாற்றிப் பார்க்கும் உருவகப்படுத்தல்களைத் தருகிறது. இம்மூன்றும் வகுப்பறைக்குத் துணையாவன. நடுவண் அரசின் கல்வி அமைச்சக ஆதரவில் உருவான மெய்நிகர் ஆய்வகங்களின் நிலை வேறு. அவை ஆய்வகத்திற்குத் துணையா, மாற்றா என்னும் வினா, கருவிப் பற்றாக்குறை உள்ள கல்லூரிகளில் உண்மையிலேயே எழுகிறது.

வாய்பாடும் தூசியும்

இவ்வினாவை ஆராய நியூட்டன் வளையச் சோதனை தக்க சான்றாகும். சமதளக் கண்ணாடியின்மீது குவிவில்லையை வைத்து, 589.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சோடியம் ஒளியைச் செலுத்தினால் கருவளையங்கள் தோன்றும். வில்லையின் வளைவு ஆரம் 1 மீட்டர் எனில், பத்தாம் கருவளையத்தின் விட்டம் ஏறத்தாழ 4.86 மில்லிமீட்டர். ஒரு வளையத்தின் விட்டத்தைக் கொண்டே அலைநீளத்தைக் கணிக்கலாம். எனினும் பாடநூல்கள் இரு வளையங்களின் விட்ட வர்க்க வேறுபாட்டையே பயன்படுத்துமாறு கூறுகின்றன. அது ஏன் என்று வினவும் மாணவர் அரியர்.

காரணம் தூசியே. வில்லைக்கும் கண்ணாடிக்கும் இடையே 1 மைக்ரோமீட்டர் இடைவெளி விழுந்தால், வளைய வரிசை ஏறத்தாழ 3.4 எண்கள் நகர்ந்துவிடும். நடுப்புள்ளி கருமையாக இராது. ஏறக்குறைய ஒளிர்வாகவே தோன்றும். அந்நிலையில் பத்தாவதாக எண்ணப்படும் கருவளையத்தை மட்டும் கொண்டு கணித்தால் அலைநீளம் சுமார் 566 நானோமீட்டர் என வரும். அதாவது 4 விழுக்காடு பிழை. இரு வளையங்களின் வேறுபாட்டை எடுத்தாலோ இடைவெளி இருபுறமும் சமமாக இடம்பெற்று நீங்கிவிடுகிறது. பாடநூல் வாய்பாடு, குறையுள்ள கருவிக்கென்றே அமைந்தது.

வில்லையும் கண்ணாடியும் துல்லியமாகத் தொடுவதாகக் கொள்ளும் உருவகப்படுத்தலில் நடுப்புள்ளி என்றும் கருமையே. எவ்வழியில் கணித்தாலும் ஒரே விடை. நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் திருப்பவேண்டிய கட்டாயமும் அங்கில்லை. உண்மைக் கருவியில் திசை மாற்றினால் புரியின் தளர்வு அளவீட்டைக் கெடுக்கும். ஆகவே திரையில் மட்டும் செய்த மாணவர் வாய்பாட்டை அறிவார். அதன் தேவையை அறியார். திரைப்படிமங்களை ஒட்டிய செய்முறைக் குறிப்பேடு இக்குறையை வெளிக்காட்டுவதுமில்லை.

பயன்படுத்தும் முறை

இதனால் மெய்நிகர் ஆய்வகம் பயனற்றதென்று ஆகாது. கருவியைத் தொடுமுன் வளையங்களை எண்ணவும், வளைவு ஆரத்தை மாற்றி விளைவைக் காணவும் அதனினும் எளிய வழியில்லை. செய்முறைக்கு முந்தைய வாரத்தில் அதைத் தருவது பொருத்தமாகும். பின்னர் உண்மைக் கருவியில் பெற்ற அளவீடுகளைக் கொண்டு, ஒற்றை வளையத்தாலும் இரு வளைய வேறுபாட்டாலும் அலைநீளத்தைத் தனித்தனியே கணிக்கச் செய்யலாம். இவ்விரு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்பதிலிருந்து, வில்லையின் அடியில் இருந்த தூசியின் விளைவை மாணவரே உணர முடியும்.