மிதிவண்டி ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பழுதுபார்த்தல்

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்பது கம்பியின் இழுவிசைக்குப் பதிலாகத் திரவத்தின் அழுத்தத்தைக் கொண்டு சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஆகும். இதில் ஏற்படும் பெரும்பாலான பழுதுகளை எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் தவறான திரவத்தை ஊற்றினால் பிரேக் முழுவதுமே பழுதாகி, ஓட்டுபவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

இயங்கும் விதம்

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. கைப்பிடியை அழுத்தும்போது அதிலுள்ள சிறிய பிஸ்டன் திரவத்தைக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் சக்கரத்தின் அருகே உள்ள காலிப்பரின் பெரிய பிஸ்டன்களை நகர்த்த, பிரேக் பேட்கள் வட்டை இருபுறமும் கவ்வுகின்றன. காலிப்பர் பிஸ்டனின் பரப்பு 4 மடங்கு என்றால் விசையும் 4 மடங்காகும். நகரும் தூரமோ நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

திரவம் அழுத்தத்தால் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். காற்று எளிதில் சுருங்கும். பேட்கள் மிகச் சிறிய தூரமே நகர்வதால், குழாயில் புகுந்த சிறு காற்றுக்குமிழிகூடக் கைப்பிடியின் அசைவு முழுவதையும் விழுங்கிவிடும்.

இரு வகைத் திரவங்கள்

மிதிவண்டி பிரேக்குகளில் மினரல் ஆயில், டாட் திரவம் என இரு வகைகள் பயன்படுகின்றன. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குகின்றன. ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகளுக்கு டாட் 5.1 தேவை, அதன் சில புதிய வகைகள் மினரல் ஆயிலுக்கு மாறியுள்ளன. ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பாமல், கைப்பிடியிலோ காலிப்பரிலோ பொறிக்கப்பட்ட குறிப்பைப் பார்ப்பதே சரி.

கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள குடிகாடு போன்ற ஊர்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் "பிரேக் ஆயில்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. அதை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். டாட் பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றினாலும் சீல்கள் உப்பிவிடும். பெயரில் ஒத்திருந்தாலும் டாட் 5 சிலிக்கோன் வகையைச் சேர்ந்தது, டாட் 5.1-க்கு மாற்றாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

டாட் 4, டாட் 5.1 திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். கடலோர ஈரக்காற்றில் திறந்து வைத்த புட்டியின் திரவத்தைப் பல மாதங்கள் கழித்துப் பயன்படுத்துவது நல்லதல்ல. சமவெளியில் இதன் விளைவு தெரியாமல் போகலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், கைப்பிடி திடீரெனத் தளர்ந்துவிடும்.

பழுதுகளை அறிதல்

எல்லாப் பழுதுக்கும் திரவம் மாற்றத் தேவையில்லை.

வட்டு உரசும் ஓசை: காலிப்பரின் இரு போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

கிறீச்சிடும் ஓசை, பிடிப்புக் குறைவு: பேட்டிலோ வட்டிலோ எண்ணெய் பட்டிருக்கலாம். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது இது அடிக்கடி நேர்கிறது. வட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேட்களை மாற்றுவதே நல்லது.

சக்கரம் உள்ளே நுழையாமை: சக்கரத்தைக் கழற்றியபின் கைப்பிடியை அழுத்தியதால் பேட்கள் நெருங்கியிருக்கும். டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலால் மெல்ல விலக்கலாம்.

கைப்பிடி மெத்தென்று இருத்தல்: குழாயில் காற்று புகுந்திருக்கும். கைப்பிடியிலோ காலிப்பரிலோ திரவக் கசிவு தென்பட்டால், அதைச் சரிசெய்யாமல் காற்று நீக்குவது வீண்.

காற்று நீக்குதல்

முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். ஷிமானோ வகையில் பொதுவான வரிசை பின்வருமாறு:

1. சக்கரத்தையும் பேட்களையும் கழற்றி, பிஸ்டன்கள் வெளியே வராதபடி இடையில் பிளாஸ்டிக் கட்டையை வைக்க வேண்டும்.
2. கைப்பிடியைக் கிடைமட்டமாக்கி, மேலுள்ள திருகைக் கழற்றிப் புனலைப் பொருத்த வேண்டும்.
3. புதிய திரவம் நிறைந்த ஊசிக்குழலைக் காலிப்பர் நிப்பிளில் இணைத்து, நிப்பிளைச் சிறிது திறந்து, திரவத்தைக் கீழிருந்து மேலாக மெல்லத் தள்ள வேண்டும். காற்று இயல்பாக மேலேறுவதால் குமிழிகள் புனலில் வெளிவரும்.
4. குமிழிகள் நின்றதும் நிப்பிளை மூடி, குழாயை மெல்லத் தட்டியபடி கைப்பிடியை இயக்கி, எஞ்சிய காற்றையும் வெளியேற்ற வேண்டும்.
5. புனலை அகற்றித் திருகை மூடி, சிந்தியதை நன்கு துடைத்த பின்னரே பேட்களைப் பொருத்த வேண்டும்.

கைப்பிடியை இறுக அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல உள்வாங்கினால், கசிவோ காற்றோ இன்னும் உள்ளது என்று பொருள்.

தேய்மானமும் பாதுகாப்பும்

ஷிமானோ பேட்களில் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ. ஆகவும் வட்டு 1.5 மி.மீ. ஆகவும் தேய்ந்தால் மாற்ற வேண்டும். புதிய பேட்களை, மிதமான வேகத்தில் ஓட்டி, முழுதும் நிற்கும் முன் பிரேக்கை விடும் முறையில் சுமார் 20 முறை பழக்கினால் பிடிப்பு முழுமையாக அமையும். டாட் திரவம் வண்ணப்பூச்சை அரிக்கும். தோலில் பட்டால் உடனே நீரால் கழுவ வேண்டும். பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய புட்டியில் சேர்த்து, கழிவு எண்ணெய் பெறும் பணிமனையில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பழுதுபார்த்த பிரேக்கை முதலில் வண்டியைத் தள்ளியபடியும், பின்னர் வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டியும் சோதித்த பிறகே சாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.