மலையடிவாரத்துக்கு ஏற்ற வீடு

வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வ. புதுப்பட்டி. மேற்கே நிமிர்ந்தால் மலை. சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும். "குளிர்ச்சியான ஊர்!" என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். சித்திரை மாதத்து இரவில் ஒரு கான்கிரீட் வீட்டுக்குள் படுத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. ஆனால் இரவானதும் பாட்டி கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. இந்தப் பக்கத்துச் சீமை முழுவதும் காணக்கூடிய காட்சி.

காரணம் என்ன? கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது. இரவில் அதை வீட்டுக்குள் கக்குகிறது. மின்விசிறியோ அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசுகிறது.

அப்படியானால் தாத்தா காலத்து ஓட்டு வீடே போதுமா? அதன் திண்ணையும் முற்றமும் தடித்த மண்சுவரும் வெயிலுக்கு நல்ல மருந்துதான். ஆனால் இருட்டு அறை, புகை மண்டிய அடுப்படி, கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய அவதி, இவற்றை மறந்துவிடலாகாது. அந்த அவதியை அதிகம் அனுபவித்தவர்கள் பெண்கள். படிக்கிற பிள்ளைக்குத் தனி இடமும், வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் இன்றைக்கு ஆடம்பரமல்ல, அவசியம்.

இந்தச் சிக்கலுக்கு மலைக்கு அந்தப் புறத்தில், திருவனந்தபுரத்தில், ஒருவர் வழி காட்டினார். அவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் காந்திஜியைச் சந்தித்தார். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக இந்தியாவுக்கு வந்தவர், இங்கேயே தங்கி, 2007-ல் காலமானார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்திஜியின் யோசனையைத் தம் தொழிலுக்கே வழிகாட்டியாகக் கொண்டார்.

அவருடைய கைமுறை எளிமையானது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார். சுவரின் நடுவே வெற்றிடம் விழும். அந்தக் காற்று வெப்பத்தைத் தடுக்கும். செங்கல்லிலும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். 'எலிப்பொறிக் கட்டு' என்று இதற்குப் பெயர். தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. ஆகவே கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் குறைந்தது, சூடும் குறைந்தது. இதை மட்டும் விவரம் அறிந்த பொறியாளரைக் கேட்டே செய்ய வேண்டும்.

புதுப்பட்டியில் கட்டுபவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்கலாம். பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில்தான் அறையும். ஆகவே மாடிப்படி, கழிப்பறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கே தள்ளினால் படுக்கையறை தப்பிக்கும். ஜன்னல்கள் எதிரெதிராக இருந்தால் காற்று குறுக்கே ஓடும். சூடான காற்று மேலே ஏறுவதால், கூரைக்குக் கீழே ஒரு காற்றுத் துவாரம் வேண்டும். சுவரை வெயிலிலிருந்து காக்க அகலமான தாழ்வாரம் வேண்டும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் உயர்ந்த வாசற்படி வேண்டாம்.

ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? கோடை வருமுன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். தென்னை ஓலைக்குப் பஞ்சமில்லாத ஊர். மாடியில் கீற்றுப் பந்தல் போட்டாலும் தளத்தின் மேல் வெயில் நேராக விழாது. அடுப்புப் பொறி மட்டும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொத்தனாரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வெறும் மனையில் போய் நின்று பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று மனையே சொல்லும். அதற்குக் காசு பணம் வேண்டியதில்லை. அதைக் கேட்டுக் கட்டிய வீட்டில், பாட்டி நிம்மதியாக உள்ளேயே படுத்துத் தூங்குவாள்.